கிட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி: பாலியல் தாக்குதலுக்கு அப்புறம் வர்ற பேஷண்டை முதல் தடவையா பார்க்கப் போறவங்களுக்கு

நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல எனக்கு இருந்த ஒரே பயம் அந்த எவிடன்ஸ் கிட் தான், கோர்ட்டுக்காகத் தடயம் சேகரிக்கற பெட்டி. எத்தனை கவர், எத்தனை ஸ்வாப் (சாம்பிள் எடுக்கற பஞ்சுக் குச்சி), எதை முதல்ல எடுக்கணும், ஒண்ணு விட்டுப்போச்சுன்னா கோர்ட்ல நம்மளைக் கிழிச்சுடுவாங்களோன்னு ராத்திரி எல்லாம் அந்த லிஸ்ட்டையே மனப்பாடம் பண்ணிட்டு இருப்பேன். முதல் கேஸ்ல ஒரு சீனியர் நர்ஸ் பக்கத்துல நின்னாங்க, நான் வரிசை தப்பாம பண்ணேன், எல்லா கவரும் சீல் ஆச்சு, உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமை கூட. அப்ப அவங்க மெதுவா கேட்டாங்க, "அந்தப் பொண்ணு குரல் கரகரன்னு இருக்கே, கழுத்தை நெரிச்சானான்னு கேட்டியா?" கேக்கல. ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே இருந்திருக்கேன், கேக்கவே இல்ல. ஸ்கேன் எடுத்தோம், நல்ல வேளையா ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு நான் பார்த்தது பெட்டியைத்தான், ஆளை இல்லன்னு புரிஞ்சுது. அதனால இந்தக் கட்டுரைல கிட் பாதி தூரம் போன பிறகுதான் வரும், பொறுத்துக்கோங்க.

ஒரு விஷயம் இப்பவே சொல்லிடறேன். சட்டம், ஃபார்ம், போலீஸுக்குச் சொல்லணுமா வேணாமா, சாம்பிள் எத்தனை நாள் வச்சிருக்கணும், இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், உங்க ஆஸ்பத்திரி புரோட்டோகாலை எடுத்து டூட்டிக்கு முன்னாடியே படிச்சுடுங்க, பேஷண்ட் உக்காந்திருக்கும்போது பக்கம் புரட்டாதீங்க. நான் சொல்றது எங்க போனாலும் மாறாத பகுதி.

வாசல்லயே ஆரம்பிக்குது

இவங்களைப் பொது வரிசைல உக்கார வைக்கக் கூடாது. ரத்தம் கொட்டலைன்னாலும் இது எமர்ஜென்சி தான், உடனே ஒரு தனி ரூம், கதவு சாத்தற மாதிரி, முடிஞ்சா உள்ளயே பாத்ரூம் இருக்கற மாதிரி. ரிசப்ஷன்ல நின்னுட்டு "என்ன பிரச்சனைக்கு வந்தீங்க"ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி கேக்கறது, அதே கதையை ரிசப்ஷன், நர்ஸ், டூட்டி டாக்டர், பெரிய டாக்டர்னு நாலு பேருக்கு நாலு தடவை சொல்ல வைக்கறது, இது ரெண்டும் நாம பண்ற கொடுமை. ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும், ஆரம்பத்துலேருந்து கிளம்பற வரைக்கும் அந்த ஒரே முகம்.

கூட வந்தவங்களை வெளிய உக்கார வச்சுட்டு பேஷண்ட்கிட்ட தனியா கொஞ்ச நேரம் பேசுங்க. அம்மாவா இருந்தாலும், புருஷனா இருந்தாலும், ஃப்ரெண்டா இருந்தாலும் சரி. சில நேரம் கூட்டிட்டு வந்தவனே பண்ணவனா இருப்பான். தனியா இருக்கும்போது "உள்ள யார் கூட இருக்கணும்னு நினைக்கறீங்க"ன்னு கேட்டு அவங்க சொல்ற ஆளைக் கூப்பிடுங்க. பாஷை புரியலைன்னா சொந்தக்காரங்களை மொழிபெயர்க்க விடாதீங்க, வெளி ஆள் வேணும். போலீஸ் வந்திருந்தா எக்ஸாமினேஷன் ரூமுக்கு வெளியதான்.

முதல் வாக்கியம் என்ன பேசறதுன்னு புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க. பெருசா ஒண்ணும் வேணாம். உங்க பேர், உங்க வேலை, "இப்ப இங்க பாதுகாப்பா இருக்கீங்க, உங்களுக்கு நடந்ததுக்கு நீங்க காரணம் இல்ல, எது பண்றதா இருந்தாலும் உங்களைக் கேட்டுத்தான் பண்ணுவோம்". அவ்ளோதான். "ஏன் அந்த நேரத்துல போனீங்க", "ஏன் கத்தல", "ஏன் இத்தனை நாள் கழிச்சு வர்றீங்க", இந்த "ஏன்" மூணையும் வீட்லயே வச்சுட்டு வாங்க.

கத்தாததுக்கு ஒரு காரணம் இருக்கு, அது தெரிஞ்சா கேள்வியே எழாது. பயம் உச்சத்துக்குப் போனா உடம்பு உறைஞ்சு போயிடும், கை கால் அசையாது, குரல் எழும்பாது, அது அவங்க முடிவு பண்ணி நடக்கறது இல்ல. ஸ்டாக்ஹோம்ல பாலியல் வன்முறைக்கான அவசர கிளினிக்குக்கு வந்த 298 பெண்களைக் கேட்டு 2017ல வந்த ஆய்வுல 70 சதவீதம் பேர் அந்த உறைதல் குறிப்பிடத்தக்க அளவுக்கு இருந்ததா சொன்னாங்க. அதே மாதிரி சிலர் அழுவாங்க, சிலர் சிரிப்பாங்க, சிலர் மளிகை லிஸ்ட் வாசிக்கற மாதிரி உணர்ச்சியே இல்லாம சொல்வாங்க. "இவங்களைப் பார்த்தா அப்படி நடந்த மாதிரியே தெரியலையே"ன்னு யாராவது காரிடார்ல சொன்னா திருத்துங்க, அவங்க எவ்ளோ சீனியரா இருந்தாலும்.

முதல்ல உயிர்

எவிடன்ஸ் காத்திருக்கலாம், ரத்தப்போக்கு காத்திருக்காது. மூச்சு, நாடி, பிரஷர், நினைவு, தலைல அடி, வயித்துல அடி, எலும்பு முறிவு, அந்தரங்க உறுப்புல நிக்காத ரத்தம், இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் மத்தது. ஆபரேஷன் தேவைன்னா தியேட்டருக்குப் போகட்டும், சாம்பிளை அங்கயே எடுக்க ஏற்பாடு பண்ணிக்கலாம்.

கழுத்து விஷயம், என் முதல் கேஸ் காரணமா இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பேஷண்ட் தானா சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும், அதுவும் "கழுத்தை நெரிச்சாங்களா"ன்னு மட்டும் கேட்டா சில பேர் இல்லன்னுடுவாங்க, "கழுத்துல கை, துணி, முழங்கை எதையாவது வச்சு அழுத்தினாங்களா, மூச்சு விட முடியாம ஆச்சா, கண்ணு இருட்டிச்சா, கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்லாம இருக்கா, உங்களை அறியாம சிறுநீர் போயிடுச்சா"ன்னு உடைச்சு உடைச்சுக் கேளுங்க. குரல் மாற்றம், முழுங்கும்போது வலி, கண்ணுலயோ காது பின்னாடியோ ஊசி முனை மாதிரி சிவப்புப் புள்ளிங்க, கழுத்து வலி, இதைப் பாருங்க. தோல்ல தடம் இல்லன்னு விட்டுடாதீங்க, கழுத்து நெரிப்பு கேஸ் 300 எடுத்துப் பார்த்த 2001 ஆய்வுல பாதிக்குப் பாதி கேஸ்ல வெளிய ஒரு காயமும் தெரியல. ஆனா உள்ள கழுத்து ரத்தக்குழாய் சுவர் கிழிஞ்சிருந்தா சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு பக்கவாதம் வரலாம். நினைவு தப்பியிருந்தா, குரல் மாறியிருந்தா, நரம்பு சம்பந்தமா ஏதாவது இருந்தா உடனே பெரிய டாக்டர்கிட்ட சொல்லி கழுத்து ரத்தக்குழாயைப் படம் பிடிக்கற ஸ்கேன், அதாவது சிடி ஆஞ்சியோ, பத்திப் பேசுங்க.

இந்த நேரத்துலயே ரெண்டு சின்ன வேலை. பாத்ரூம் போகணும்னு சொன்னா தடுக்காதீங்க, ஒரு சாம்பிள் டப்பா கொடுத்து அந்த முதல் யூரினைப் பிடிச்சுக்கோங்க, துடைக்க வேணாம்னு சொல்லுங்க, துடைச்சா அந்த டிஷ்யூவையும் வாங்கி வைங்க. தண்ணி வேணும்னா, வாய் வழியா ஏதும் நடந்துச்சான்னு கேட்டு, ஆமான்னா வாய் ஸ்வாப்பை ஒரே நிமிஷத்துல எடுத்துட்டு உடனே தண்ணி கொடுங்க. எவிடன்ஸ் பேரைச் சொல்லி நாலு மணி நேரம் ஒருத்தரைத் தாகத்தோட உக்கார வைக்கறது எனக்கு எப்பவுமே சகிக்காது.

சம்மதம்: ஒரு கையெழுத்து பத்தாது

நிறைய இடத்துல ஒரு ஃபார்மை நீட்டி கீழ கையெழுத்து வாங்கிட்டா கன்சென்ட் முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. வைத்தியத்துக்கு ஒரு சம்மதம், உடம்பைப் பரிசோதிக்க ஒண்ணு, எவிடன்ஸ் எடுக்க ஒண்ணு, போட்டோவுக்கு ஒண்ணு, போதை மருந்து டெஸ்டுக்கு ஒண்ணு, இதையெல்லாம் போலீஸ்கிட்ட கொடுக்க இன்னொண்ணு, எல்லாமே தனித்தனி. மருந்து மட்டும் போதும், வேற எதுவும் வேணாம்னா அதுவும் சரி, மருந்தைக் குறைக்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. போலீஸ் கம்ப்ளெயிண்ட் இருந்தாத்தான் வைத்தியம்னு யாராவது சொன்னா அது தப்பு.

போதை மருந்து டெஸ்ட்ல ஒரு சிக்கல் இருக்கு, அதை முன்னாடியே சொல்லிடுங்க. அவங்க தானா எடுத்த குடி, மாத்திரை எதுவா இருந்தாலும் அதுவும் ரிசல்ட்ல வரும். தெரிஞ்சு சம்மதிக்கறது வேற, பின்னாடி கோர்ட்ல கேட்டு அதிர்ச்சி ஆகறது வேற.

சம்மதம் கொடுத்த பிறகும் எந்த நிமிஷமும் நிறுத்தலாம். நான் என்ன பண்ணுவேன்னா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "நிறுத்துங்க"ன்னு சொல்ல ஒரு ஒத்திகை பார்ப்பேன், கையைத் தூக்கிக் காட்டினாலும் போதும்னு சொல்வேன், வெறும் கையைத் தொட்டுட்டு "இப்ப நிறுத்தச் சொல்லுங்க"ன்னு கேட்டு, சொன்னதும் கையை எடுத்துடுவேன். கேக்க விளையாட்டுத்தனமா இருக்கும். ஆனா கொஞ்ச நேரம் முன்னாடி "வேணாம்"னு சொன்னது ஒருத்தன் காதுல ஏறாம போன ஆளுக்கு, அந்த வார்த்தை இங்க வேலை செய்யுதுன்னு உடம்பால தெரியணும்.

கதையை வாங்கற விதம்

"என்ன நடந்துச்சுன்னு உங்களால முடிஞ்ச அளவுக்கு சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டு வாயை மூடிக்கோங்க. வரிசை மாறும், நடுவுல ஓட்டை விழும், அது பொய் இல்ல, அதிர்ச்சில ஞாபகம் அப்படித்தான் துண்டு துண்டா பதியும். முக்கியமான வாக்கியத்தை அவங்க வார்த்தைலயே மேற்கோள் போட்டு எழுதுங்க, கெட்ட வார்த்தையா இருந்தாலும் அப்படியே.

நமக்குத் தேவையானது போலீஸ் விசாரணை இல்ல, எங்க சாம்பிள் எடுக்கணும், எந்த மருந்து கொடுக்கணும்னு தெரியறதுக்கான தகவல். எப்ப நடந்துச்சு, எத்தனை பேர், எந்த உறுப்பு வழியா, எதை வச்சு, ஆணுறை இருந்துச்சா, விந்து வெளிவந்ததா தெரியுமா, எங்கெல்லாம் முத்தம் கொடுத்தான் நக்கினான் கடிச்சான், அவனை இவங்க பிராண்டினாங்களா, அதுக்கு அப்புறம் குளிச்சாங்களா, பல் விளக்கினாங்களா, மலஜலம் போனாங்களா, துணி மாத்தினாங்களா. அப்புறம் கடைசி மாதவிடாய், கர்ப்பத்தடை எதுவும் எடுக்கறாங்களா, அலர்ஜி, எடுத்துக்கற மாத்திரைங்க, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாங்களா. கடந்த சில நாள்ல சம்மதத்தோட உறவு இருந்துச்சான்னும் கேக்க வேண்டியிருக்கும், அது லேப்ல வேற டிஎன்ஏவைப் பிரிக்கறதுக்கு மட்டும்தான், அதை விளக்கிட்டுக் கேளுங்க. அதுக்கு மேல அவங்களோட பழைய பாலியல் வாழ்க்கை நமக்குத் தேவையே இல்ல.

இப்ப கிட்

1970கள்ல சிகாகோல மார்ட்டி கோடார்ட்னு ஒரு பெண், எவிடன்ஸை ஆளாளுக்கு ஒரு மாதிரி எடுத்து வீணாக்கறாங்களேன்னு அலைஞ்சு திரிஞ்சு ஒரே மாதிரியான பெட்டியை உருவாக்கினாங்க. ஆனா அதுக்கு ஒரு போலீஸ் அதிகாரி பேரை வச்சு விட்டுலோ கிட்னுதான் ரொம்ப காலம் கூப்பிட்டாங்க. பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம் வரும்.

நேரக் கணக்கு முதல்ல. பொதுவா பெண்ணுறுப்பு சாம்பிள் 5 நாள் வரைக்கும், சில புரோட்டோகால்ல 7 நாள் வரைக்கும். ஆசனவாய் 3 நாள், வாய் 1லேருந்து 2 நாள், தோல் 2 நாள் சுமாரா. குளிச்சுட்டாங்கன்னு தோல் ஸ்வாப்பை விட்டுடாதீங்க, கிடைக்கற வாய்ப்பு இருக்கு. மயக்க மருந்து சந்தேகம் இருந்தா ரத்தம் 3 நாள், யூரின் 5 நாள் வரைக்கும் எடுப்பாங்க, ஆனா ஜிஹெச்பி மாதிரி சில மருந்து யூரின்ல 12 மணி நேரத்துக்குள்ளயே காணாம போயிடும், அதான் அந்த முதல் யூரின் தங்கம் மாதிரி. ரத்தம் எடுக்கற ட்யூப் சோடியம் ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடி ட்யூப். நாள் தாண்டி வந்தாங்கன்னா கிட் வேணாம்னு ஆகலாம், பேஷண்ட் வேணாம்னு ஆகாது, காயமும் மருந்தும் மனசும் அப்படியேதான் இருக்கு.

துணி: தரைல ரெண்டு பேப்பர் ஷீட் ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சு, செருப்பைக் கழட்டிட்டு மேல் ஷீட்ல நிக்க வச்சு அவங்களே ஒவ்வொண்ணா கழட்டட்டும். கீழ் ஷீட் தரை அழுக்குக்காக, அது குப்பைக்கு. மேல் ஷீட்டை விழுந்தது எதுவும் சிந்தாம மடிச்சு அதையும் கவர்ல போடுங்க. ஒவ்வொரு துணிக்கும் தனி பேப்பர் கவர், பிளாஸ்டிக் கூடவே கூடாது, ஈரம் உள்ளயே தங்கி பூஞ்சை பிடிச்சு டிஎன்ஏ கெட்டுப் போயிடும். உதறாதீங்க. வெட்டித்தான் எடுக்கணும்னா கிழிசல், கறை, ஓட்டை மேல கத்தரி படாம வெட்டுங்க. மாத்திக்க வேற துணி கைல ரெடியா இருக்கணும், இதை நிறைய பேர் மறந்துட்டு அப்புறம் கவுனோட வீட்டுக்கு அனுப்பறாங்க.

ஸ்வாப்: காஞ்ச இடத்துல ஸ்டெரைல் தண்ணில லேசா நனைச்ச ஸ்வாப் ஒண்ணு, அதே இடத்துல உடனே காஞ்ச ஸ்வாப் ஒண்ணு. ஈரமா இருக்கற இடத்துக்குக் காஞ்சதே போதும். நக்கின, கடிச்ச இடத்தைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஸ்வாப். இடம் மாறும்போதெல்லாம் கையுறை மாத்துங்க, மாஸ்க் போட்டுக்கோங்க, சாம்பிள் மேல பேசறது தும்மறது எல்லாம் நம்ம டிஎன்ஏவை உள்ள போடற வேலை. அந்தரங்கப் பகுதில எப்பவும் வெளியிலேருந்து உள்ள, வெளிப்புறம் ஸ்வாப் எடுத்துட்டுத்தான் ஸ்பெகுலம் (பெண்ணுறுப்பை விரிச்சு உள்ள பார்க்கற கருவி), அதுக்கு ஜெல் வேணாம், வெதுவெதுப்பான தண்ணி போதும். கைல பிடிச்ச ஸ்பெகுலத்தை முதல்ல காட்டுங்க, விருப்பப்பட்டா அவங்களே உள்ள வச்சுக்கலாம், சில பேருக்கு அது ரொம்ப ஆறுதல். வலி தாங்கலைன்னா ஸ்பெகுலம் இல்லாமயே ஸ்வாப் எடுங்க. பிராண்டினதா சொன்னா நக இடுக்கு. கடைசியா அவங்களோட சொந்த டிஎன்ஏவுக்கு ரத்தமோ கன்னத்து உள்பக்க ஸ்வாப்போ, வாய் வழியா நடந்திருந்தா வாய் கொப்பளிச்ச பிறகு.

எல்லா ஸ்வாப்பும் காத்துல காயணும், சூடு காட்டக் கூடாது. லேபிள்ல பேஷண்ட் நம்பர், எந்த இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. கவரை நாக்கால நக்கி ஒட்டற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க, சிரிக்காதீங்க, நடந்திருக்கு. சீல் மேல பாதி கவர் மேல பாதி விழற மாதிரி கையெழுத்து. அதுக்கு அப்புறம் அந்தப் பெட்டி யார் கண்ணுக்கும் படாம ஒரு நிமிஷம் கூட தனியா இருக்கக் கூடாது, கையோட கை மாறும்போது யார் கொடுத்தா, யார் வாங்கினா, எத்தனை மணின்னு எழுத்துல வரணும். நானெல்லாம் பாத்ரூம் அவசரத்தை அடக்கிட்டு பெட்டியைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருக்கேன், பூட்டற அலமாரி ஒண்ணு கேட்டு வாங்கிடுங்க.

காயம் எழுதறது

தலைலேருந்து கால் வரைக்கும், ஒரு சமயத்துல ஒரு பகுதி மட்டும் திறந்து, மத்தது மூடி. தலைமுடிக்குள்ள, காது பின்னாடி, வாய்க்குள்ள, மேல்கை உள்பக்கம், மணிக்கட்டு, தொடை உள்பக்கம் பாருங்க. ஒவ்வொரு காயத்துக்கும் எந்த இடம், என்ன வகை, அளவு, வடிவம், நிறம். சிராய்ப்பு வேற, கன்னிப்போனது வேற, கிழிஞ்சது வேற, கத்தியால வெட்டினது வேற, எல்லாத்தையும் "காயம்"னு ஒரே வார்த்தைல எழுதினா கோர்ட்ல யாருக்கும் பிரயோஜனம் இல்ல. கன்னிப்போன நிறத்தை வச்சு "இது 3 நாள் பழசு"ன்னு கணக்குப் போடாதீங்க, அந்தக் கணக்கு நம்பற மாதிரி இல்ல. போட்டோ மூணு தூரத்துல: உடம்புல எங்கன்னு தெரியற மாதிரி ஒண்ணு, கொஞ்சம் கிட்ட ஒண்ணு, ஸ்கேல் வச்சு ரொம்பக் கிட்ட ஒண்ணு. சொந்த ஃபோன்ல ஒரு படம் கூட வேணாம்.

அந்தரங்க உறுப்புல காயமே இல்லாம இருக்கறது சகஜம். அதனால "பாலியல் வன்முறை நடக்கல"ன்னு நீங்க எழுதக் கூடாது, "நடந்தது"ன்னும் எழுதக் கூடாது, அது நம்ம வேலை இல்ல. "பேஷண்ட் சொன்னதோட இந்தக் கண்டுபிடிப்பு ஒத்துப்போகுது" அல்லது "காயம் தென்படல, அதை வச்சு நடந்ததை உறுதி பண்ணவோ மறுக்கவோ முடியாது", இப்படி எழுதலாம். "பேஷண்ட் குற்றம் சாட்டுகிறார்", "மறுக்கிறார்" மாதிரி சந்தேக வாடை அடிக்கற வார்த்தையை விட்டுட்டு "சொல்றார்"னு எழுதுங்க.

கன்னித்திரை பத்தி ஒரே வரி. அதைப் பார்த்தோ விரலை விட்டோ ஒருத்தர் முன்னாடி உறவு வச்சிருந்தாங்களான்னு சொல்லவே முடியாது, 2018ல உலக சுகாதார நிறுவனம் மத்த ஐ.நா. அமைப்புங்களோட சேர்ந்து கன்னித்தன்மைப் பரிசோதனையை எல்லா இடத்துலயும் நிறுத்தச் சொல்லியாச்சு. ஃபார்ம்ல அந்தக் கட்டம் இன்னும் இருந்தா கோடு போட்டுட்டு மேல போங்க.

மருந்துங்க, கடிகாரத்தைப் பார்த்துட்டு

ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தான் இருக்கறதுலயே அவசரம். 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ஆனா 72 மணி நேரம் இருக்கேன்னு நிதானமா இருக்கக் கூடாது, ஒவ்வொரு மணி நேரமும் பலன் குறையும், ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம முதல் டோஸ் போகட்டும். 28 நாள், மூணு மருந்து சேர்ந்தது, பெரியவங்களுக்குப் பரவலா டெனோஃபோவிர், லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடாபின், கூட டோலுடெகிராவிர். சிறுநீரகப் பிரச்சனை இருக்கான்னு கேளுங்க. கால்சியம், இரும்பு மாத்திரை, அசிடிட்டி மருந்து எடுக்கறவங்கன்னா டோலுடெகிராவிரோட மோதும், நேரம் தள்ளிக் கொடுக்கணும். பாதில விட்டுடறவங்க நிறைய, காரணம் குமட்டலும், வீட்ல யாராவது பார்த்துடுவாங்களோங்கற பயமும். முடிஞ்சா 28 நாளுக்கும் இன்னைக்கே கைல கொடுத்துடுங்க, டப்பாவை வீட்ல எங்க வைப்பாங்கன்னு கூட பேசி முடிவு பண்ணுங்க.

கர்ப்பத்தடை: முதல்ல கர்ப்ப டெஸ்ட், ஏற்கனவே கர்ப்பமான்னு தெரிஞ்சுக்க. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே டோஸ், சீக்கிரம் எடுத்தா நல்லது. 3 நாள் தாண்டி 5 நாளுக்குள்ளன்னா, இல்ல உடல் எடை கூடுதலா இருந்தா, யூலிப்ரிஸ்டல் 30 மி.கி. நல்லா வேலை செய்யும், ஆனா அதுக்கு அப்புறம் 5 நாளைக்கு ஹார்மோன் கர்ப்பத்தடை ஆரம்பிக்கக் கூடாது. எல்லாத்தையும் விட பலமானது 5 நாளுக்குள்ள கருப்பைக்குள்ள போடற காப்பர் ஐயூடி (சின்ன செம்புக் கருவி), அந்த நிலைமைல இன்னொரு தடவை உள்ள கருவி போக எல்லாருக்கும் மனசு வராது, சொல்லுங்க, தள்ளாதீங்க. வலிப்பு, டிபி மருந்து எடுக்கறவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை பலன் குறையலாம். குமட்டல் மருந்து கூடவே கொடுங்க, மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துலயே, 2லேருந்து 3 மணி நேரத்துக்குள்ள, வாந்தி வந்தா இன்னொரு டோஸ். இது இருக்கற கர்ப்பத்தைக் கலைக்காதுன்னு தெளிவா சொல்லுங்க, நிறைய பேர் அந்தப் பயத்துலயே வேணாம்னு சொல்றாங்க.

உறவு மூலமா பரவற மத்த தொற்றுக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம மருந்து கொடுக்கறது வழக்கம், ஏன்னா திரும்ப வருவாங்களான்னு தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசியோட 2021 வழிகாட்டுதல்படி செஃப்ட்ரியாக்சோன் 500 மி.கி. ஒரு ஊசி, டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ரெண்டு வேளை 7 நாள், பெண்களுக்கு மெட்ரோநிடசோல் 500 மி.கி. ரெண்டு வேளை 7 நாள். கர்ப்பமா இருந்தா டாக்ஸிசைக்ளினுக்குப் பதிலா அசித்ரோமைசின் 1 கிராம். உங்க ஊர் பட்டியல் வேறயா இருந்தா அதைப் பின்பற்றுங்க. ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவங்களுக்கு முதல் டோஸ் இன்னைக்கே, பண்ணவனுக்கு அந்தத் தொற்று இருக்குன்னு தெரிஞ்சா இம்யூனோகுளோபுலினும் (ரெடியா இருக்கற எதிர்ப்பு சக்தி ஊசி) சேர்த்து. வயசு பார்த்து கருப்பை வாய்ப் புற்றுநோய் மாதிரி வியாதிங்களைத் தடுக்கற ஹெச்.பி.வி. ஊசி, காயம் இருந்தா டெட்டனஸ். இத்தனையும் ஒரே வேளைல வயித்துக்குள்ள போனா வாந்தி நிச்சயம். அந்த ராத்திரியே எது கட்டாயம், எதை நாளைக்கு ஆரம்பிக்கலாம்னு பிரிச்சு ஒரு சீட்டுல பெரிய எழுத்துல எழுதிக் கொடுங்க, அவங்க தலைல எதுவும் ஏறியிருக்காது.

எல்லாரும் இளம் பெண்கள் இல்ல

ஆண்கள் வருவாங்க, ரொம்பத் தாமதமா, பெரும்பாலும் வேற ஏதோ வலின்னு சொல்லிட்டு. அந்த நேரத்துல விறைப்பு வந்துச்சு, விந்து வந்துச்சுன்னு வெட்கத்துல நொறுங்கிப் போயிருப்பாங்க. அது உடம்போட ரிஃப்ளெக்ஸ், விருப்பம் இல்லன்னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லுங்க, பெண்களுக்கும் இதே வார்த்தை தேவைப்படும். திருநர்கள்கிட்ட உடம்பு உறுப்பை என்ன வார்த்தைல சொல்லணும்னு கேட்டுக்கோங்க. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கற திருநம்பிக்கும் கர்ப்பம் ஆகலாம், அவசர கர்ப்பத்தடையை மறந்துடாதீங்க. புருஷன் பண்ணியிருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான், வீட்டுக்குப் போறது பாதுகாப்பாங்கற கேள்வி மட்டும் இன்னும் பெருசாகுது.

குழந்தைங்க கேஸை புதுசா வந்தவங்க தனியா தொடாதீங்க. வயசுக்கு வராத குழந்தைக்கு ஸ்பெகுலம் கிடையாது, மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டிய அளவு காயம் இருந்தா தவிர. திரும்பத் திரும்பக் கேள்வி கேக்கக் கூடாது, பழகினவங்களைக் கூப்பிடுங்க. பெரும்பாலான குழந்தைங்களுக்குப் பரிசோதனைல ஒண்ணும் தெரியாது, அதனால குழந்தை பொய் சொல்லுதுன்னு ஆகாது. புகார் பண்ண வேண்டிய சட்டக் கடமை நிறைய இடத்துல இருக்கு, உங்களோடது என்னன்னு முன்னாடியே தெரிஞ்சு வைங்க.

கிளம்பற நேரம், அதுக்கு அப்புறம்

தற்கொலை எண்ணம் வருதான்னு நேரா கேளுங்க, கேட்டா தூண்டி விட்டுடுவோமோன்னு பயம் வேணாம். நடந்ததை முழுசா சொல்லி அழுது தீர்த்தா சரியாகும்னு யாரையும் பேச வைக்காதீங்க, அப்படி ஒரே தடவைல கொட்ட வைக்கறது பலன் தர்றதில்ல. தூக்கம் வரலைன்னு உடனே டயாசிபாம் மாதிரி மாத்திரை எழுதறதும் வேணாம், முதல் மாசத்து அதிர்ச்சி அறிகுறிக்கு அதைக் கொடுக்க வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2013லயே சொல்லியிருக்கு. அடுத்த சில வாரம் திடுக்கிடல், கெட்ட கனவு, பசியின்மை, யாரையும் தொட விடாம இருக்கறது எல்லாம் வரலாம், நிறைய பேருக்கு மெல்லக் குறையும், ஒரு மாசம் தாண்டியும் நின்னா அதுக்குன்னு பலன் தர்ற தெரபி இருக்குன்னு சொல்லி, எங்க போகணும்னும் எழுதிக் கொடுங்க.

கேள்வி ஒண்ணு: இன்னைக்கு ராத்திரி எங்க தூங்கப் போறீங்க, அங்க யார் இருப்பா? பதில் இழுத்தா அனுப்பாதீங்க, அட்மிஷன் போட காரணம் கண்டுபிடிங்க. ஃபோன் பண்ணலாமா, எந்த நம்பருக்கு, எந்த நேரம், வேற யாராவது எடுத்தா என்ன சொல்லணும்னு கேட்டு எழுதி வைங்க. "கிளினிக்லேருந்து பேசறோம்"ங்கற ஒரு வார்த்தை போதும், ஒரு வீட்ல ஒருத்தர் மாட்டிக்க.

திரும்ப வரவேண்டியது 1லேருந்து 2 வாரத்துல ஒரு தடவை, காயமும் மருந்தும் மனசும் பார்க்க. மாதவிடாய் தள்ளிப்போனா 3 வாரத்துல கர்ப்ப டெஸ்ட். ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ் டெஸ்ட் 4லேருந்து 6 வாரம், திரும்ப 3 மாசம். ஹெபடைடிஸ் ஊசி மிச்ச டோஸ். வராம போயிட்டா ஒரு தடவை, அவங்க சொன்ன நேரத்துல, கூப்பிட்டுப் பாருங்க.

நோட்ஸை ஷிப்ட் முடியறதுக்குள்ள எழுதி முடிச்சுடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல நின்னு அந்தப் பேப்பரை வச்சுத்தான் பேசணும், அன்னைக்கு முகம் கூட ஞாபகம் இருக்காது, எழுதாத எதையும் "நடந்திருக்கும்"னு சொல்ல முடியாது. தெரியாததுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா போதும், வக்கீல் எவ்ளோ கத்தினாலும்.

அப்புறம், வீட்டுக்குப் போய் உங்களுக்குத் தூக்கம் வராது, முதல் கேஸ்க்கு எல்லாருக்கும் அப்படித்தான். யார்கிட்டயாவது பேசணும்னு இருக்கும், பேர், ஊர், அடையாளம் எதுவும் வராம டீம்ல ஒருத்தர்கிட்ட பேசுங்க, வாட்ஸ்ஆப் குரூப்ல இல்ல. எனக்கு அந்த சீனியர் நர்ஸ் இருந்தாங்க. இப்ப புதுசா வர்றவங்களுக்கு நான் என் நம்பரைக் கொடுத்துடறேன், ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் முதல்ல நான் கேக்கறது கழுத்தைத்தான்.